பத்து விரல் மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். பலகாரத் தட்டை முன்னால் வைத்துவிட்டு, மாப்பிள்ளை பணியாரத்தை எடுக்கும் வரை காத்திருந்து வலது கை விரல்களை எண்ணி முடித்தார். இடது கை மடியில், துண்டுக்கு அடியில் கிடந்தது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கையையும் கொஞ்சம் காட்டுங்க மாப்ள" என்று கேட்டே விட்டார். வந்தவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு இரண்டு கையையும் விரித்து, புறங்கை உள்ளங்கை என்று திருப்பித் திருப்பிக் காட்டினார். கதவு இடுக்கில் நின்ற எனக்கு அந்த மனுஷனை அப்போதே பிடித்துப் போய்விட்டது. முகத்தைப் பிறகுதான் பார்த்தேன், அது சுமார்தான்.

அப்பா பேரில் தப்பில்லை. அவர் மலையடிவாரத்து அய்யம்பாளையத்தில் மாட்டுவண்டிக்குச் சக்கரம் செய்கிற தச்சர். தங்கமுத்து என்றால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஜமால் முகம்மது முதலாளியின் மரப்பட்டறைக்கு ஓர் இழைப்பு மெஷின் வந்து இறங்கியதும், அதை ஓட்டிய வேலப்பன் என்பவர் இரண்டாவது மழைக்காலத்திலேயே இடது கையில் மூன்று விரலை அதற்குக் கொடுத்துவிட்டதும், பூண்டு மூட்டை இறக்குகிற லாரிக்காரர்கள் வாய்வழியே அடிவாரம் வரை வந்து சேர்ந்திருந்தது. வேலப்பனுக்குப் பிறகு அந்த மெஷின் முன்னால் நிற்க ஒத்துக்கொண்ட ஆள்தான் எனக்கு வந்த வரன். தச்சனுக்குக் கொடு, மெஷின்காரனுக்குக் கொடுக்காதே என்று என் சித்தப்பா கடைசி வரை முணுமுணுத்தார். விரல் பத்தும் சரியாக இருந்ததால் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். அது ஐம்பத்தெட்டாம் வருஷம், தை மாதம்.

கட்டினவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். சொல்லத்தான் கூடாது என்றார்கள். எழுதக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. பொன்னுவேல். எழுதிவிட்டேன், ஒன்றும் குறைந்து போகவில்லை.

அடக்கமானவர் என்று அவரைப் பற்றி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தன் கையைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம், ஊரில் அழகிகளுக்குக் கூடக் கிடையாது. ராத்திரி படுக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவுவார். வாரம் தவறாமல் நகம் வெட்டுவார். கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் எடுத்த படத்தில், நான் தலை குனிந்து நிற்கிறேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்து, பத்து விரலையும் கோழிக்கால் மாதிரி விரித்து வைத்திருக்கிறார். படம் பிடிப்பவர் எவ்வளவு சொல்லியும் விரலைச் சேர்க்கவே இல்லை.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. எனக்கு அது ஒரு சக்களத்தி. சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் அதன் பேச்சு, கை கழுவினால் அதன் பேச்சு. இரும்பில் இரண்டு மேசை, ஒன்றன்பின் ஒன்றாக. நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ஓர் உருளை, அதன் உடம்பில் நீளவாட்டில் பதித்த பிளேடுகள். கரண்டு வந்ததும் உருளை சுற்றுகிற சுற்றில் பிளேடு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. முன் மேசையில் பலகையை வைத்துத் தள்ளினால், கரடுமுரடாகப் போனது பின் மேசையில் கண்ணாடி மாதிரி வெளியே வரும். கையால் இழைப்புளி பிடித்து அரைநாள் செய்கிற சோலியை ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் முடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிளேடுதான் வேலப்பனின் விரலை எடுத்தது.

இவர் அதனிடம் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து முதலில் எல்லோரும் கேலி செய்தார்கள். பின் மேசையும் பிளேடின் நுனியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பார். மேசை உயர்ந்தால் பலகை முட்டும், தாழ்ந்தால் கடைசியில் குழி விழும். அந்த மட்டத்தைப் பார்க்க அவரிடம் நேராக இழைத்த மெல்லிய தேக்குச் சட்டம், ஒரு ரீப்பர் துண்டு, இருந்தது. அதைப் பின் மேசையில் வைத்து, உருளைக்கு மேல் நீட்டி, மோட்டார் பெல்ட்டைக் கையால் பிடித்து உருளையை மெதுவாகத் திருப்புவார். பிளேடு வந்து ரீப்பரை லேசாகத் தொட்டு, ஒரு நெல் நீளம் நகர்த்திவிட்டுப் போக வேண்டும். அந்த ஓரத்திலும் ஒரு நெல், இந்த ஓரத்திலும் ஒரு நெல். ஒரு பக்கம் கூடினால் பிளேடு கோணல். திரும்பக் கழற்றி, நடு போல்ட்டிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முறுக்குவார். இதைத் தினமும் காலையில் சுவிட்ச் போடும் முன் செய்வார். நேற்று மாட்டிய பிளேடு ராத்திரி எழுந்து நடந்தா போகும் என்று கூட இருப்பவர்கள் கேட்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

பிளேடில் கை வைக்கும் முன் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். தான் உள்ளே கையை விட்டிருக்கும்போது விவரமில்லாமல் எவனும் சுவிட்சைத் தட்டிவிடக் கூடாதல்லவா? ஒருநாள் அதைப் பையில் வைத்தபடியே மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். மோட்டார் ஓடாமல் பட்டறையே திகைத்து நிற்க, முதலாளி ஆள் அனுப்பினார். ரசம் சோற்றை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். மலையின் மேகமூட்டம் மேசை இரும்பைத் துருவாக்கிவிடும் என்று மெழுகு போட்டுத் தேய்ப்பார். முழத்துக்குக் குறைந்த துண்டை மெஷினில் விட மாட்டார், அது இழைப்புளிக்கு என்று தள்ளிவிடுவார். பலகையைத் தள்ள, பின்னால் குதிகால் வைத்த ஒரு தள்ளுகட்டை வைத்திருந்தார். உருளைக்கு மேலே இருக்கும் மூடியை எந்த அவசரத்துக்கும் கழற்ற விட மாட்டார். பழனியிலிருந்து கொண்டுவந்த கயிற்றைக்கூட மணிக்கட்டில் கட்டாமல் அரைஞாணோடு கட்டிக்கொண்டார். முருகன் எங்கே கட்டினாலும் காப்பார், மெஷின் மணிக்கட்டைத்தான் பிடிக்கும் என்பார்.

இத்தனை தெரிந்தும் எனக்குப் பயம் போகவில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரம், அவர் வேலை முடிந்து சரிவில் ஏறி வரும்போது நான் முகத்தைப் பார்க்காமல் கையைத்தான் தேடினேன். மேகம் இறங்கி, கை எது துண்டு எது என்று தெரியாது. வீடு வந்து சேருவதற்குள் நான் இறங்கி ஓடிப்போய் விரலை எண்ணிப் பார்த்துவிடுவேன். அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து, எங்கள் வரிசை வீடுகளுக்குத் திரும்புகிற வளைவில் சைப்ரஸ் மரம் தாண்டியதும், இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்திக் காட்ட ஆரம்பித்தார். பொன்னுவேல் பொண்டாட்டியிடம் சரணடைய வருகிறான் என்று அக்கம்பக்கம் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். நான் அந்தக் கைகளைப் பார்த்த பிறகுதான் உலை வைப்பேன்.

அவரோடு கூடவே வருவார் வேலப்பன். எங்களுக்கு நாலு வீடு தள்ளி அக்காள் வீட்டில் இருந்தார். விரல் போன பிறகு முதலாளி அவரைக் கைவிடவில்லை, பட்டறைச் சாவியைக் கொடுத்து, திறக்கவும் பூட்டவும் பகல் காவலுக்கும் வைத்துக்கொண்டார். நல்ல தச்சர், நல்ல மனுஷர். ஆனால் அந்த இடது கையை வெயிலோ மழையோ துண்டால் மூடியே வைத்திருப்பார். சாப்பாட்டுப் பந்தியில்கூட அது துண்டுக்குள்தான். வளைவில் இவர் கையை உயர்த்தும்போது வேலப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நடப்பார். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். கையை உயர்த்தாதீர்கள் என்று இவரிடம் சொல்லவும் மனசு வராது.

தன் விரல் போனதற்கு வேலப்பன் ஒரு காரணம் வைத்திருந்தார். இடைஞ்சலாக இருக்கிறதென்று மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, சாண் துண்டை வெறுங்கையால் தள்ளினார் என்பது பட்டறை அறிந்த கதை. அவர் கணக்கு வேறு. அந்த வருஷம் ஆயுத பூஜையில் மெஷினுக்கு மேலோட்டமாக ஒரு பொட்டு வைத்ததோடு சரி, உள்ளே இருக்கிற பிளேடுக்குச் சந்தனம் காட்டவில்லை, அதுதான் காவு கேட்டுவிட்டது என்று உறுதியாக நம்பினார். இவரிடமும் பலமுறை சொல்லியிருக்கிறார். இவர் மறுத்துப் பேசியதில்லை. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவானேன் என்பார்.

அறுபத்தொன்றில் ஆயுத பூஜை நல்ல மழையோடு வந்தது. ஜமால் முகம்மது முதலாளி தொழுகை தவறாத மனுஷர். ஆனாலும் பட்டறை பூஜைக்குப் பொரியும் கடலையும் வாழைப்பழமும் அவர் செலவுதான். கும்பிடுவது உங்கள் சோலி, வாங்கித் தருவது என் சோலி என்பார். பூஜைக்கு முந்தின நாளே இவர் பிளேடுகளைச் சாணை பிடித்து, மாட்டி, மட்டம் பார்த்து வைத்துவிட்டார். பூஜை அன்று உளி, வாள், இழைப்புளி எல்லாம் சாமி முன்னால் போய்விடும். வைத்த ஆயுதத்தை மறுநாள் நல்ல நேரத்தில் எடுக்கும் வரை யாரும் தொடக் கூடாது. அதுதான் எங்கள் வழக்கம்.

மறுநாள் விஜயதசமி. குடும்பத்தோடு எல்லோரும் பட்டறைக்குப் போயிருந்தோம். பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பெஞ்சுப் பலகை சேர்ந்திருந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் முதல் பலகையை மெஷினில் விட்டு எடுக்க வேண்டும் என்று முதலாளி அவசரப்பட்டார். மெஷின் மாலையும் பொட்டுமாக மணப்பெண் மாதிரி நின்றது. சூடம் காட்டினார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். எல்லோரும் இவர் கையைப் பார்த்தார்கள். இவர் சுவிட்சுக்குப் போகவில்லை. மாலையை எடுத்துவிட்டு, பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டு, ரீப்பர் துண்டை எடுத்தார்.

இன்றைக்குமா என்று யாரோ முனகினார்கள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாமி கும்பிட்ட மெஷினைச் சந்தேகப்படுவது அபசகுனம் என்று ஒரு பெரியவர் குரலை உயர்த்தியே சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான், இத்தனை பேர் முன்னால் இந்த மனுஷன் அடம் பிடிக்கிறாரே என்று. அவர் ரீப்பரை வைத்து உருளையைத் திருப்பினார். இந்த ஓரத்தில் ஒரு நெல் நகர்ந்தது. அந்த ஓரத்துக்கு மாற்றி வைத்துத் திருப்பினார். ரீப்பர் ஒரு விரற்கடை நீளம் ஓடிவிட்டது.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். இன்னொரு முறை திருப்பினார். அப்படியேதான். ஸ்பேனரை எடுத்து போல்ட்டுகளைத் தளர்த்தினார். பிளேடை இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பட்டையை வெளியே எடுத்தபோது, பொலபொலவென்று மஞ்சளாக உதிர்ந்தது. சந்தனம். பிளேடுக்கு அடியிலும் பட்டைக்குப் பின்னாலும் குழைத்துப் பூசி, அது காய்ந்து இறுகிக் கிடந்தது. போல்ட் இரும்பை அழுத்திப் பிடிக்கவில்லை, சந்தனக் கட்டியை அழுத்திக்கொண்டிருந்தது. முறுக்கிப் பார்த்தால் கைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். மோட்டார் போட்டு நாலு சுற்றுச் சுற்றினால் கட்டி தூளாகும், பிளேடு பிய்த்துக்கொண்டு வரும். எதிரே நிற்பது அவர். பக்கத்தில் நின்றது குழந்தைகளோடு நாங்கள்.

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. மெஷினைத் திறந்தது யார் என்று கேட்டார். சாவி யாரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தூண் ஓரத்தில் வேலப்பன் நின்றுகொண்டிருந்தார். துண்டை இழுத்து அந்தக் கையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். பூஜை நாளில் பட்டறை அடைத்த பிறகு, மிச்ச விரல்களை வைத்துக்கொண்டு, அத்தனை போல்ட்டையும் கழற்றி, பிளேடுக்கு முழுசாகச் சந்தனம் சாத்தி, திரும்ப மாட்டியிருக்கிறார். தன் விரலை எடுத்த மெஷின் அடுத்தவன் விரலைக் கேட்கக் கூடாதென்று. எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. என் தாலியோடு விளையாடினீர்களே என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் இவர் பேசினார்.

"யாருன்னு கேக்காதீங்க முதலாளி. இது எனக்காக வச்ச சந்தனம்."

முதலாளி இவரையே பார்த்தார். பிறகு, குரல் இறங்கிப் போய், நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறதே என்றார். பதறாத காரியம் சிதறாது என்று இவர் சொன்னார். சொல்லிவிட்டுத் தூண் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இங்கிட்டு வாங்க. மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துட்டு வாங்க. இத மாட்டுனவுகதான் கழுவணும்னு நான் சொல்லல. ஆனா ஒத்தக் கண்ணு பாத்தா பத்தாது, ரெண்டாளு பாக்கணும். என்னைய விட்டா இந்த மெஷின நெதம் பாத்தவுக நீங்கதான்."

கூட்டம் வழிவிட்டது. வேலப்பன் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். பிளேடையும் அது கிடந்த பள்ளத்தையும் துடைக்க ஒரு கை போதாது. ஒன்று பிடிக்க வேண்டும், ஒன்று தேய்க்க வேண்டும். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். அத்தனை வருஷத்தில் அந்தக் கையை நான் பார்த்தது அன்றைக்குத்தான். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் நின்றன. அந்த இரண்டு விரலால் பிளேடை முதுகுப்பக்கம் இடுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சந்தனத்தைக் கடைசித் துளி வரை சுரண்டி எடுத்தார். கண்ணீர் மேசை மேல் சொட்டியது. இவர் அதைப் பார்க்காதவர் மாதிரி, துரு பிடிக்கும் அண்ணே என்று சொல்லித் துணியால் துடைத்துவிட்டார்.

இருவரும் சேர்ந்து மாட்டினார்கள். இவர் போல்ட் முறுக்க, வேலப்பன் ரீப்பரைப் பிடித்துக்கொண்டார். அந்த ஓரம் ஒரு நெல், இந்த ஓரம் ஒரு நெல். எல்லாப் பிளேடையும் பார்த்தாகிவிட்டது. மூடி அதன் இடத்துக்கு வந்தது. இவர் பையிலிருந்து பியூஸ் கட்டையை எடுத்தார். ஆனால் சுவிட்ச் பலகையில் செருகவில்லை, வேலப்பன் கையில் வைத்தார்.

"இனிமே இது ஒங்ககிட்ட இருக்கட்டும். நான் மாட்டுவேன், நீங்க பாப்பீக. நீங்க சரின்னு சொல்லாம இந்த மெஷின் ஓடாது."

வேலப்பன் குனிந்து எல்லாப் போல்ட்டையும் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். பிறகு தானே போய் அதைச் செருகினார். முதல் பலகை உள்ளே போய், வழவழவென்று வெளியே வந்தது. நல்ல நேரம் எப்போதோ முடிந்திருந்தது. முதலாளி பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, பொரியை அள்ளி முதலில் வேலப்பனுக்குக் கொடுத்தார்.

நாங்கள் பெண்கள் முன்னதாக வீடு திரும்பிவிட்டோம். சாயங்காலம் வழக்கம்போல வாசலில் நின்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்துக்கு மலையே காலடியில் கிடக்கிற மாதிரி இருந்தது. பத்து விரலைக் காப்பாற்றிய ஆம்பிளை என்பதற்காக இல்லை. அதற்கு அவருக்கு ஒரு ரீப்பர் துண்டு போதும். ஒரு மனுஷனின் மானத்தைக் காப்பாற்ற அந்த ரீப்பர் உதவாது, அதற்கு வேறு எதுவோ வேண்டும். அது என் வீட்டுக்காரரிடம் இருந்தது. இதை அவரிடம் நான் நேரில் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

மழை விட்டு மேகம் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. சைப்ரஸ் மரத்தடியில் இரண்டு உருவம் தெரிந்தது. வளைவு வந்ததும் இவர் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தினார். நான் எண்ணிக்கொண்டேன், பத்து. உள்ளே போய் உலை வைக்கலாம் என்று திரும்பினேன். எதற்கோ மறுபடி பார்த்தேன்.

பக்கத்தில் வேலப்பனும் நின்றுவிட்டார். துண்டு தோளில் கிடந்தது. நாலு வீடு தள்ளி வாசலில் நின்ற அவருடைய அக்காளுக்குத் தெரியும்படி, அவரும் இரண்டு கையையும் உயர்த்தினார்.